16 அங்குல முன்சக்கரம் போட்டால் கல்லட்டி எளிதாகிவிடுமாம்!

கேத்திக்காரன்:
நீலகிரி வண்டிக்காரர்கள் நடுவே நேற்றிலிருந்து ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுதியவர் நம் மலைப்புலி. ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு என்ற க்ரூசர் பைக் (நீண்ட, தாழ்ந்த வண்டி) வைத்திருக்கிறார். கல்லட்டி என்பது ஊட்டிப் பக்கமிருந்து மசினகுடிக்கு இறங்கும் மலைச்சாலை. அவர் சொற்களிலேயே தருகிறேன்: "பழைய தண்டர்பேர்டின் 19 அங்குல முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு 16 அங்குலத்தில் தடித்த டயர் போட்டேன். சக்கரம் சிறியதாகிவிட்டதால் கல்லட்டியின் 36 வளைவுகளிலும் வண்டி ஸ்கூட்டர் போலத் திரும்புகிறது. க்ரூசர் வைத்திருக்கும் எல்லாரும் மாற்றுங்கள்." இதைப் படித்துவிட்டு எங்கள் தெருப் பையன் ஒருவன் ரிம் விலை விசாரிக்கக் கிளம்பிவிட்டான். அதனால்தான் எழுதுகிறேன்.

சக்கரம் சிறியதாகவே இல்லை. கம்பெனி கொடுத்தது 90/90-19. இவர் போட்டது 130/90-16. முதல் எண் டயரின் அகலம், மி.மீ.யில். கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் இருக்கும் 90 என்பது, டயரின் பக்கச்சுவர் அதன் அகலத்தில் எத்தனை விழுக்காடு உயரம் என்பது. பழையதற்கு 81 மி.மீ., புதியதற்கு 117 மி.மீ. மேலும் கீழும் ரிம்மோடு சேர்த்துக் கூட்டினால் பழைய சக்கரத்தின் விட்டம் 645 மி.மீ., புதியது 640. முழுதாக ஐந்து மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

மலைப்புலி 43:
வாருங்கள் ஐயா, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். ஒரே கேள்வி. 16 சிறியதா, 19 சிறியதா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நான் தலைகுந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கிப் பார்த்துவிட்டு எழுதினேன். நீங்கள் கால்குலேட்டரில் இறங்கியிருக்கிறீர்கள்.

கேத்திக்காரன்:
16 என்பது ரிம்மின் அளவு. தரையில் உருள்வது ரிம் அல்ல, டயர். 640.

அவெஞ்சர் அன்பன்:
சின்னச் சக்கரம் வேண்டுமென்றால் எங்களிடம் வாருங்கள். பஜாஜ் அவெஞ்சர் 220 க்ரூசின் முன்டயர் 90/90-17. கேத்தி ஐயா வழியிலேயே கணக்குப் போட்டால் 594 மி.மீ. வருகிறது. ஆக, 17 அங்குலச் சக்கரம் 16 அங்குலச் சக்கரத்தைவிடச் சிறியது! ஆனாலும் கொண்டை ஊசி வளைவில் அது ஒன்றும் ஸ்கூட்டராகிவிடுவதில்லை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 1,490 மி.மீ. நீளம் இருக்கிறது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கும் நன்றாகச் சாய்ந்திருக்கிறது. குறுகிய வளைவில் அகலமாக வட்டமடித்துத்தான் ஆக வேண்டும்.

மலைப்புலி 43:
அவெஞ்சரைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை.

பழைய பட்டறை:
டிரெயில் என்றால் என்னவென்று முதலில் பேசிவிட்டுச் சண்டை போடுங்கள். ஃபோர்க்கைத் தாங்கும் தலைக்குழாயின் கோட்டை அப்படியே தரைவரை நீட்டினால் ஓர் இடத்தில் தொடும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் டிரெயில். அது கூடினால் நேர்சாலையில் வண்டி அசையாமல் போகும், மெதுவான வளைவில் ஹேண்டில் கனக்கும். குறைந்தால் நேர்மாறு. சக்கரத்தின் ஆரம் மாறினால் டிரெயிலும் மாறும். எவ்வளவு மாறும் என்பதுதான் கேள்வி.

மலைப்புலி 43:
மாறும் என்று பட்டறைக்காரரே சொல்லிவிட்டார். நன்றி ஐயா. வழக்கு முடிந்தது.

கேத்திக்காரன்:
கடைசி வரியைப் படிக்காமலேயே நன்றி சொல்கிறார் பாருங்கள்! ஃபோர்க்கின் சாய்வு 26 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஆரத்தில் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். அதனால் டிரெயில் குறைவது ஒரே ஒரு மில்லிமீட்டர். கல்லட்டியில் 36 வளைவிலும் அந்த ஒரு மில்லிமீட்டரை இவருடைய உள்ளங்கை உணர்ந்ததாம். அப்பேர்ப்பட்ட கைக்கு வைரம் தீட்டுகிற வேலை கிடைத்திருக்கும், வீணாகத் தேயிலை வியாபாரத்துக்கு வந்துவிட்டார்.

மலைப்புலி 43:
என் பிழைப்பை இழுக்க வேண்டாம். ஹார்லி-டேவிட்சன் கம்பெனிக்காரர்கள் மடையர்களா? அயர்ன் 883க்கு முன்னால் 100/90-19. ஃபார்ட்டி எய்ட்டுக்கு முன்னால் 130/90-16, நான் போட்டிருக்கும் அதே அளவு. இரண்டும் ஸ்போர்ட்ஸ்டர் குடும்பம்தான். கேத்தியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவுக்குப் பாடம் நடத்தாதீர்கள்.

பழைய பட்டறை:
ஃபார்ட்டி எய்ட்டின் ஃபோர்க் கால்களுக்கு நடுவே இடைவெளியைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த அகல டயருக்காகவே அதை விரித்துச் செய்திருக்கிறார்கள். தண்டர்பேர்டில் அந்த இடம் இல்லை. 130 டயரைப் பொருத்துவதற்காக மட்கார்டை வெட்டி, வாஷர் வைத்துத் தள்ளி, பிரேக் காலிப்பரை இழுத்து மாட்டிய வண்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. குறுகிய ரிம்மில் அகல டயர் போட்டால் ஓரங்கள் உள்ளே இறுகி, நடுப்பகுதி கூம்பிவிடும். தரையைத் தொடும் வடிவமே மாறிப்போகும்.

அகலத்துக்கு வேறொரு குணமும் உண்டு. வளைவில் சாயும்போது டயர் தரையைத் தொடும் இடம் நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் நகர்கிறது. டயர் தடிக்கத் தடிக்க அதிகமாக நகரும். அந்த நிலையில் முன்பிரேக்கைத் தொட்டால் ஹேண்டில் தானாகத் திரும்பி வண்டி நிமிரப் பார்க்கும். இறக்கத்தில், எதிரே அரசு பஸ் முழுச் சாலையையும் அடைத்துக்கொண்டு வரும் நேரத்தில் வண்டி நிமிர்ந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

கேத்திக்காரன்:
அகலம் பிறகு. முதலில் 640 என்பதை அவர் ஒப்புக்கொள்ளட்டும்.

கோவைப் பறவை:
நண்பர்களே, டயரைவிடக் காற்று முக்கியம். போன மாதம் நான் கல்லட்டியில் இறங்கியபோது முன்சக்கரம் தளதளவென்று ஆடியது. மேட்டுப்பாளையத்தில் சரியாகத்தான் அடித்துவிட்டு ஏறினேன். ஊட்டிக் குளிரில் காற்று சுருங்கிவிட்டது.

அவெஞ்சர் அன்பன்:
தவறு. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. எனவே டயருக்குள் அழுத்தம் கூடித்தான் காட்டும். சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்ததில்லையா?

கேத்திக்காரன்:
இருவருமே பாதி சொல்கிறீர்கள். மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 300 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். அந்த உயரத்தால் மானியில் மூன்று பவுண்டு கூடும். கீழைக்காட்டிலும் மேலே 15 டிகிரி குளிர் என்றால் அதனால் இரண்டேகால் பவுண்டு குறையும். கீழே 32 அடித்தால் மேலேயும் ஏறக்குறைய 32தான் காட்டும். உங்கள் சக்கரம் ஆடியதற்குக் காற்றைக் குற்றம் சொல்லாதீர்கள்.

அது இருக்கட்டும் பறவையாரே. கல்லட்டியில் *இறங்கினீர்களா*? வெளியூர் வண்டிகளுக்கு அங்கே ஏறத்தான் அனுமதி. உங்களுடையது எந்த ஊர் எண்?

கோவைப் பறவை:
மாமனார் வண்டி. நீலகிரி எண், டி.என். 43தான்.

மலைப்புலி 43:
மாமனார் வண்டி, மாப்பிள்ளையின் கை. சக்கரம் ஆடாமல் என்ன செய்யும்!

கோத்தகிரி மகள்:
மலைப்புலி அண்ணா, நீங்கள் போட்டிருக்கும் படத்தில் ஹேண்டில்பாரும் புதியதாகத் தெரிகிறது. கம்பெனி கொடுத்ததைவிட நல்ல அகலம். எப்போது மாற்றினீர்கள்?

மலைப்புலி 43:
சக்கரம் மாற்றிய அதே நாளில்தான். அதற்கென்ன?

கோத்தகிரி மகள்:
கழற்றிய பழைய டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்குமே, அது என்ன? முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

மலைப்புலி 43:
2314. நன்றாகத்தான் இருந்தது, தேயவே இல்லை.

கோத்தகிரி மகள்:
2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். தேய்ந்திருக்காது அண்ணா, கட்டையாக இறுகியிருக்கும். இறுகிப்போன ரப்பரைக் கழற்றிப் புது ரப்பர் போட்டிருக்கிறீர்கள். ஹேண்டில்பார் நீளமானால் திருப்பும் பலம் குறைவாகப் போதும். நடைவேகத்தில் கொண்டை ஊசி வளைவைத் திருப்புவது கைதானே? இந்த இரண்டையும் விட்டுவிட்டு எல்லாப் புகழையும் ரிம்முக்குக் கொடுக்கிறீர்கள். பழைய 19 அங்குல ரிம்மிலேயே புதிய 90/90 டயரை மாட்டி, அதே ஹேண்டில்பாரோடு ஒருமுறை இறங்கிப் பாருங்கள்.

மலைப்புலி 43:
ஹேண்டில்பார் வேறு விஷயம். டயர் வேறு விஷயம். நான் பேசுவது சக்கரத்தைப் பற்றி. 16, 19. சின்னது, பெரியது.

கேத்திக்காரன்:
தங்கச்சி சொன்னதை நான் நேற்றே நினைத்தேன். எழுதவில்லை, அவ்வளவுதான். ஆனால் அடிப்படை 640தான். அதை விட்டுவிட்டு ஹேண்டில்பாருக்குத் தாவினால் அவர் தப்பித்துவிடுவார்.

கோத்தகிரி மகள்:
நேற்று நினைத்ததை நேற்றே எழுதியிருந்தால் என் நேரம் மிஞ்சியிருக்கும்.

பழைய பட்டறை:
வேறொன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழுக்குப் பொருந்தாதபடி வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் வந்து முதலில் படம் எடுப்பது இந்த முன்சக்கரத்தைத்தான். 2019க்குப் பிறகு வந்த வண்டி என்றால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேறு இருக்கிறது. புது ரிம்மில் அதன் சென்சார் வளையம் சரியாக உட்காராவிட்டால் மழைநாளில், சாலையில் தைல மரத்து இலை கிடக்கும் இடத்தில், பிரேக் பிடிக்கும்போது தெரியும்.

மலைப்புலி 43:
என் வண்டி அதற்கு முந்தையது. ஏ.பி.எஸ். இல்லை. பயமும் இல்லை.

கேத்திக்காரன்:
பயம் இல்லாதவர்தான் தெப்பக்காட்டுக்கு அப்பால் பஞ்சரானபோது, யானை வரும் என்று இறங்காமல் உட்கார்ந்திருந்தார். ஸ்போக் சக்கரம், உள்ளே டியூப். கழற்றி ஒட்டியது யார்? என் கால் பம்ப் எங்கே?

மலைப்புலி 43:
அந்தப் பம்ப்பை அன்றே பர்லியாறு பழக்கடையில் கொடுத்துவிட்டுப் போனேன். இத்தனை பேர் நடுவில் இதை இழுப்பது அழகா?

கேத்திக்காரன்:
மசினகுடியில் வாங்கிய பம்ப்பை எதற்கு ஐயா பர்லியாற்றில் கொடுக்க வேண்டும்? நான் இருப்பது கேத்தி. மலையின் ஒரு கோடியில் வாங்கி மறுகோடியில் வைத்துவிட்டு, திருப்பிக் கொடுத்ததாகக் கணக்கு. 645க்கும் 640க்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

அவெஞ்சர் அன்பன்:
பர்லியாறு என்றதும் நினைவு வருகிறது. சென்ற வாரம் குன்னூர்ச் சாலையில் ஏறிக்கொண்டிருந்தேன். மேலிருந்து இறங்கிய தடித்த டயர் தண்டர்பேர்டு ஒன்று வளைவில் வழிவிடாமல் என்னைப் பள்ளத்துப் பக்கம் ஒதுக்கியது. மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. அது நீங்களா மலைப்புலி?

மலைப்புலி 43:
ஏறும் வண்டி நகர்ந்துகொண்டிருந்தால்தான் முன்னுரிமை. உங்கள் அவெஞ்சர் வளைவில் நின்றுகொண்டிருந்தது.

அவெஞ்சர் அன்பன்:
நிற்கவில்லை. அகலமாக வட்டமடித்துக்கொண்டிருந்தேன்.

ஊட்டி மாணவன்:
அண்ணன்மாரே, ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350 வாங்கியிருக்கிறேன். முன்னால் 100/90-19. மழைக்காலத்துக்கு எந்த டயர் நல்லது?

கேத்திக்காரன்:
அளவை மாற்றாதே தம்பி. உன் சக்கரத்தின் விட்டம் 663. கூட்டிப் பார்த்துவிட்டு வந்து எழுது, பிறகு பேசலாம்.

மலைப்புலி 43:
தம்பி, 16 போடு. படம் அனுப்புகிறேன்.