பிணைந்த பாம்பை அடித்தால் பெண்ணாகிவிடுவோமா? ஆறு பரோட்டா பந்தயம்

மொட்டைமாடி:
பாளையங்கோட்டையில் ஆங்கில இலக்கியம் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். அறைத்தோழன் விலங்கியல். ராத்திரி கரண்ட் போனால் மாடிக்குப் போய்விடுவோம். யார் நம்பமுடியாத சங்கதி சொல்வது என்று போட்டி. போன வாரம் அவன், "மத்தியானம் வறுவலாகத் தின்றாயே கணவாய், அதற்கு இதயம் மூன்று, ரத்தம் நீலம்" என்றான். நான் விடுவேனா? ஈஸ்கிலஸ் என்ற கிரேக்க நாடகாசிரியரின் வழுக்கைத் தலையைப் பாறை என்று நினைத்துக் கழுகு ஒன்று ஆமையைப் போட்டதாகவும், ஆள் அங்கேயே காலி என்றும் ஒரு கதை உண்டு. அதை எடுத்துவிட்டேன். கணக்கு சரியாகிவிட்டது.

அப்புறம்தான் வம்பு. எங்களுக்குப் பாடத்தில் ஈடிபஸ் நாடகம். அதில் வரும் கண்ணில்லாத குறிகாரர் டைரீசியஸ். பிணைந்து கிடந்த இரண்டு பாம்புகளைத் தடியால் அடித்ததில் அவர் பெண்ணாக மாறிவிட்டாராம். ஏழு வருஷம் கழித்து மறுபடி அதே மாதிரி பாம்புகளைக் கண்டு அடித்து ஆணாகத் திரும்பினாராம். விலங்கியல்காரன் சிரிக்கவே இல்லை. "மாறுவது பெரிய விஷயமில்லை. பாம்பு பிணைந்ததுதான் நம்பும்படி இல்லை" என்றான்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது, ஏனென்றால் நானே பார்த்திருக்கிறேன். சீவலப்பேரி பக்கம் எங்கள் வாழைத்தோட்டத்து வரப்பில் சாரையும் நல்லபாம்பும் முறுக்கின கயிறு மாதிரி முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றன. ஆச்சி ஓடிப்போய், அதிர்ஷ்டம் என்று தாத்தாவின் புது வேட்டியை எடுத்து வந்து அவற்றின் மேல் வீசினாள். அந்த வேட்டி இன்றும் பீரோவில் பாச்சா உருண்டையோடு பத்திரமாக இருக்கிறது. ஆறு பரோட்டா பந்தயம் கட்டியிருக்கிறோம். யார் சொல்வது சரி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உவரிக்காரன்:
தம்பி, மாறுகிற விஷயத்தில் உன் கூட்டாளி சொன்னது சரிதான். கொடுவா மீன் முதலில் ஆண். சில வருஷம் அப்படி இருந்துவிட்டு, பெரிதானதும் பெண்ணாகிவிடும். எட்டு கிலோ, பத்து கிலோ கொடுவாவை அறுத்தால் பெரும்பாலும் சினைதான். களவாவில் பல இனங்கள் இதற்குத் தலைகீழ்: முதலில் பெண், பிறகு ஆண். மன்னார் வளைகுடாப் பாறையில் கடல் சாமந்திக்குள் குடியிருக்கும் கோமாளி மீன் குடும்பத்தில் பெரியவள் ஒருத்திதான் பெண். அவள் செத்தால் புருஷன்காரன் பெண்ணாக மாறி அந்த இடத்துக்கு வந்துவிடுவான். உன் டைரீசியஸ் மாதிரி போய்த் திரும்பி வருவதும் உண்டு. பவளப்பாறையில் இருக்கும் விரல் நீள உழுவை மீன்கள் சிலவற்றால் இரண்டு பக்கமும் மாற முடியும். தடியும் வேண்டாம், பாம்பும் வேண்டாம். கூட யார் இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

கல்லிடைப் பாம்புக்காரன்:
பரோட்டாவுக்குக் காசு எடுத்து வை தம்பி. நீ பார்த்ததில் நல்லபாம்பே கிடையாது. இரண்டுமே சாரை, அதிலும் இரண்டுமே ஆண். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் சாரைகள் இப்படித்தான் முறுக்கிக்கொண்டு எழும்பி, ஒன்றையொன்று தரையில் அழுத்தப் பார்க்கும். அழுத்துப்பட்டது தோற்றது, நழுவிப் போய்விடும். மல்யுத்தம் என்றே வைத்துக்கொள். சாரைக்கும் நல்லபாம்புக்கும் குடும்பமே வேறு, இணை சேராது. உண்மையில் இணை சேருகிறபோது இத்தனை ஆர்ப்பாட்டம் இருக்காது, ஒட்டிக்கொண்டு பேசாமல் கிடக்கும். கிரேக்கத்து ஆளும் இப்படி ஒரு சண்டையைத்தான் பார்த்திருப்பார் என்பது என் ஊகம். வேட்டி போடுவதில் தப்பில்லை. அடிக்காமல் விட்டாளே உங்கள் ஆச்சி, அதுவே போதும்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
ஒரு திருத்தம், பரீட்சையில் மாற்றி எழுதிவிடாதே. பாம்புக் கதை சோஃபக்ளீஸ் எழுதிய உன் ஈடிபஸ் நாடகத்தில் இல்லை. ரோமானியக் கவிஞர் ஓவிட் விரிவாகச் சொன்ன கதை அது. அவர் சோஃபக்ளீஸுக்கு ஏறத்தாழ நானூறு வருஷம் பிந்தியவர். நாடகத்தில் டைரீசியஸ் ஒரு பையன் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற கிழவர், அவ்வளவுதான். கொலைகாரன் யார் என்று சொல்ல மாட்டேன் எனப் பிடிவாதம் பிடிப்பார். அரசன் ஈடிபஸ் திட்டத் திட்ட, "நீ தேடுகிற கொலைகாரன் நீயேதான்" என்று போட்டு உடைப்பார். கண் இருக்கிறவனுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிகிறது. எனக்கு அந்த ஒரு காட்சி போதும், மீதியைக்கூட விட்டுவிடுவேன்.

யூரிப்பிடீஸின் பாக்கே நாடகத்திலும் இதே கிழவர் மான்தோல் போர்த்திக்கொண்டு ஆடக் கிளம்புவார். கூடப் போகிற பழைய அரசன் காட்மஸ் பாம்பாகவே மாறப் போகிறான் என்று கடைசியில் தெய்வம் சொல்லும். அரசன் பெந்தியஸ் பெண் உடை உடுத்துவதும் அதில்தான். ஏதென்ஸ் மேடையில் பெண் வேஷம் அத்தனையும் கட்டியவர்கள் ஆண்கள் என்பதையும் சேர்த்துக்கொள். இதற்கு ஏன் கிரேக்கம் வரை போகிறாய்? உங்கள் ஊர்க் கோயில் கொடையில் கணியான் கூத்து பார்த்ததில்லையா? கணியன் என்றாலே காலம் கணித்துச் சொல்கிறவன்தானே.

மொட்டைமாடி:
டீச்சர், பார்க்காமல் இருப்பேனா! சுடலைமாடன் கொடையில் மகுடம் என்ற மேளம் அடிக்க, அண்ணாவி பாட, சேலை கட்டிச் சலங்கை போட்ட இரண்டு பேர் விடிய விடிய ஆடுவார்கள். ஐந்து வயது வரை நான் அவர்களை அக்காமார் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் கூத்து முடிந்ததும் அதில் ஒருவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, ரோஸ் பவுடர் கலையாமல், பீடி பற்றவைத்தார். அன்றைக்கு எனக்கு வந்த திகைப்பை இந்த நாடகம் படித்தபோதுகூட நான் அடையவில்லை.

ஆச்சிக்கு போன் போட்டு, அது இரண்டும் ஆண் சாரை, சண்டைதான் போட்டது என்றேன். "ஆம்பளையா இருந்தா என்னலே, வேட்டிய மட்டும் கேக்காத" என்று வைத்துவிட்டாள். பரோட்டா வாங்கிக் கொடுத்தாயிற்று. ஆம்லெட்டும் பந்தயத்தில் சேர்த்தி என்கிறான் படுபாவி.