காரை ஓடைகளில் அம்மோனைட்: எடுப்பதற்கு முன்னும் எடுத்த பின்னும்

பதிவு

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை, குளக்கல்நத்தம் பக்கம் புதைபடிவம் பார்க்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் கீழே சேருங்கள்.

அம்மோனைட் என்பது கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடல் உயிர்; பெரும்பாலும் சுருளாக இருக்கும் அதன் ஓடுதான் கல்லாகிக் கிடைக்கிறது. ஓடைத் தரையில் ஒன்று கிடந்தால் உடனே கை வைக்காதீர்கள். அது எந்த அடுக்கிலிருந்து உருண்டு வந்தது என்று முதலில் பாருங்கள். கல்லின் மதிப்பில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது. அம்மோனைட் இனங்கள் வேகமாகத் தோன்றி வேகமாக மறைந்தவை. எந்த அடுக்கில் எந்த இனம் என்பதை வைத்தே அந்த அடுக்கின் வயதைச் சொல்கிறார்கள். இடம் தெரியாத கல் அலமாரியில் வைக்கத்தான் ஆகும்.

இந்தப் பகுதியின் பாறைகளை 1862-இல் புவியியலாளர் பிளான்ஃபோர்டு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பிரிவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அடுக்குகள் கிழக்கு நோக்கி மெதுவாகச் சரிகின்றன. அதனால் மேற்கே பழையது, கிழக்கே போகப் போக இளையது. காரை களிமண் ஊட்டத்தூர் தொகுதியைச் சேர்ந்தது. ஏறத்தாழ 11 கோடி முதல் 9 கோடி ஆண்டு வரை பழையது. அன்று இங்கே கடல்.

அடுக்கைக் கண்டுபிடிக்க ஓடையின் அடியிலிருந்து மேல்நோக்கி நடக்க வேண்டும். ஒரே நிறம், ஒரே வகைத் துண்டுகள் எந்த உயரம் வரை கிடக்கின்றன என்று பார்த்துக்கொண்டே போங்கள். துண்டுகள் சட்டென்று நின்றுபோகும் இடத்துக்குக் கொஞ்சம் கீழேதான் மூல அடுக்கு இருக்கும். துண்டின் விளிம்பும் துப்புச் சொல்லும். உடைந்த முனை கூராக இருந்தால் பக்கத்திலிருந்து வந்தது. மழுங்கியிருந்தால் தண்ணீர் தூரத்திலிருந்து உருட்டி வந்திருக்கிறது. மேடு ஏறும்போது ஒற்றைக் களிமண் பரப்பாகத் தெரிந்தாலும், இடையிடையே கெட்டியான மெல்லிய பட்டைகளும் பாஸ்பேட் உருண்டைகள் கிடக்கும் மட்டங்களும் உண்டு. அவற்றை அடையாளமாக வைத்து, அதற்கு எத்தனை மீட்டர் மேலே அல்லது கீழே என்று எழுதிக்கொள்ளலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தரை காய்ந்த பிறகு, தை, மாசியில் போவது நல்லது. மழை புது மேற்பரப்பைத் திறந்து வைத்திருக்கும். பங்குனிக்கு மேல் அந்த மேட்டில் நிழலே கிடையாது. காலை எட்டு மணிக்குள், இல்லையென்றால் மாலை நான்குக்கு மேல் பாருங்கள். சாய்வு வெயிலில்தான் சுருளின் வரிமேடுகள் நிழல் விழுந்து கண்ணில் படும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே மண்ணாகத் தெரியும்.

மறுமொழி 1

முதல் தடவை போகிறவர்கள் காரையில் பை நிறைய அள்ளி வருவது பெரும்பாலும் ஜிப்சம். களிமண் பிளவுகளில் நார் நாராக, பளபளப்பாக இருக்கும். நகத்தால் கீறிப் பாருங்கள். கீறல் விழுந்தால் ஜிப்சம். கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தில் நகம் ஏறாது.

அடுத்த குழப்பம் பெலம்னைட் என்ற இன்னொரு புதைபடிவம். துப்பாக்கித் தோட்டா மாதிரி நீளமாக, முனை கூராக இருக்கும். உடைந்த குறுக்குமுகத்தில் நடுவிலிருந்து கதிர் கதிராகக் கால்சைட் ஓடும். இது கணவாயின் தூரத்து உறவு. ஆனால் நேராக இருப்பதெல்லாம் பெலம்னைட்டும் இல்லை. சுருளாத அம்மோனைட்டுகளும் இந்த அடுக்குகளின் காலத்தில் உண்டு. அவற்றில் கதிர் அமைப்பு இருக்காது. பக்கத்தில் இலை நரம்பு போல மடிந்து மடிந்து ஓடும் தடுப்புக்கோடு இருக்கும்; உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர் ஓட்டைத் தொடும் கோடு அது. டர்ரிலைட்டிஸ் என்ற அம்மோனைட் கோபுரமாக முறுக்கியிருப்பதால் பலர் அதை நத்தை என்று விட்டுவிடுகிறார்கள். அதிலும் தடுப்புக்கோட்டைத் தேடுங்கள். நத்தைக்குத் தடுப்பறைகளும் இல்லை, அந்தக் கோடும் இல்லை.

அம்மோனைட் போலவே அறைகள் உள்ள ஓடு கொண்ட உறவு நாட்டிலாய்டு. நாட்டிலாய்டா அம்மோனைட்டா என்ற சந்தேகத்துக்கு இரண்டு சோதனை. நாட்டிலாய்டின் தடுப்புக்கோடு எளிமையான வளைவு, அம்மோனைட்டின் கோடு சிக்கலான மடிப்பு. அறைகளை ஊடுருவும் குழல் நாட்டிலாய்டில் பெரும்பாலும் தடுப்புச்சுவரின் நடுப்பக்கம், அம்மோனைட்டில் வெளிவிளிம்பை ஒட்டி. ஓடு உதிர்ந்து உள்வார்ப்பாக (ஓட்டுக்குள் நிரம்பிய மண் கல்லானது) கிடைக்கும் கல்லில்தான் இதெல்லாம் நன்றாகத் தெரியும். ஓடு இல்லையே என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

இனம் பார்க்க வெளிவிளிம்பை முதலில் பாருங்கள். அங்கே நடுவில் கூரான முகடும் பக்கத்தில் தடித்த வரிமேடுகளும் இருந்தால் மார்ட்டோனிசெராஸ் பக்கம் யோசிக்கலாம். அது ஆல்பியன் என்ற புவியியல் காலத்தின் பிற்பகுதி. சுருளின் குறுக்குமுகம் சதுரமாக, வரிசை வரிசையாகக் குமிழ்களோடு இருந்தால் அகாந்தோசெராஸ் வகை; அது ஆல்பியனுக்கு அடுத்து வந்த செனோமேனியன் காலம். இன்னும் கிழக்கே திருச்சிராப்பள்ளித் தொகுதியில் கிடைக்கும் ஒரு இனத்துக்குப் பிளாசென்டிசெராஸ் தமுலிக்கம் என்று பெயர். தமிழ் மண்ணின் பெயர் அதில் நிற்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

மறுமொழி 2

சுத்தம் செய்யும்போதுதான் நிறையக் கல் போகிறது. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் குழாயில் காட்டாதீர்கள். இந்தக் களிமண் தண்ணீர் குடித்து உப்பும். கல்லின் விரிசலுக்குள் இருக்கும் களிமண் உப்பினால் கல் பிளக்கும். சோதித்துப் பார்க்க, அதே இடத்துக் களிமண் துண்டு ஒன்றைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். குமிழி விட்டு, ஓரம் இளகி, சில நிமிடத்தில் சேறாகச் சரிந்தால் உங்கள் கல்லையும் நனைக்கக் கூடாது. செய்தித்தாளில் சுற்றி ஒரு வாரம் நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் மேல்புறம் மட்டும் சுருங்கி வெடிக்கும்.

காய்ந்த பிறகு மென்மையான பல்துலக்கும் பிரஷ். இடுக்குகளுக்குத் தென்னை ஈர்க்குச்சியைச் சாய்வாக வெட்டிக்கொள்ளுங்கள். ஊசி வேண்டாம், அது வரிமேட்டில் கோடு போட்டுவிடும், அந்தக் கோடு பிறகு போகாது. வினிகரும் வேண்டவே வேண்டாம். ஓடும் கால்சியம் கார்பனேட், சுற்றியுள்ள சுண்ணாம்புப் பாறையும் அதே கார்பனேட். அமிலம் இரண்டையும் சேர்த்தே தின்னும்.

உதிர்கிற கல்லுக்குப் பாரலாய்டு பி-72; மணி மணியாக வரும், அசிட்டோனில் கரையும் பிசின் இது. 100 மில்லி அசிட்டோனுக்கு 5 கிராம். மணிகளை நேரே கொட்டினால் அடியில் ஒட்டிக் கட்டியாகிவிடும். மெல்லிய துணியில் முடிந்து, மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் தொங்கவிட்டு ஒரு இரவு வையுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் உதவாது, அதில் எண்ணெயும் தண்ணீரும் கலந்திருக்கும். நெருப்புப் பக்கம் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கல் முழுக்கக் காய்ந்திருந்தால் மட்டும் சொட்டுச் சொட்டாக விடுங்கள்; உறிஞ்சுவது நின்றதும் நிறுத்துங்கள். ஈரம் இருந்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். உடைந்ததை ஒட்டவும் இதையே தேன் பதத்தில் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளலாம். சூப்பர் க்ளூவைவிட இது மேல்: தவறாக ஒட்டினாலும் அசிட்டோன் விட்டுச் சுத்தமாகப் பிரிக்கலாம்.

மறுமொழி 3

எங்கே எடுக்கலாம் என்பதும் இங்கே இருக்கட்டும். சாத்தனூர் கல்மரம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள தேசியப் புவியியல் சின்னம். அங்கே ஒரு சில்லுகூடத் தொடக்கூடாது. சிமென்ட் சுரங்கங்களுக்கு எழுத்து அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் வெட்டுமுகத்தின் அடியில் நிற்காதீர்கள். பருத்தி, மக்காச்சோளக் காட்டில் இறங்கும் முன் காட்டுக்காரரிடம் கேளுங்கள். அடுக்கிலேயே பதிந்திருக்கும் கல்லைச் சுத்தியலால் பெயர்க்காதீர்கள். அளவுகோல் வைத்து நான்கு பக்கமும் படம் எடுத்து, பக்கத்துப் பல்கலைக்கழகப் புவியியல் துறைக்குச் சொல்லுங்கள். நன்றாகப் பாதுகாக்கப்பட்ட கற்களைப் பார்த்து ஒப்பிட வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகம் உதவும்.

சீட்டு விஷயம். கல்லில் மறைவான ஓரத்தில் பி-72 ஒரு கோடு தடவி, காய்ந்ததும் இந்தியன் இங்க்கில் எண் எழுதி, அதன் மேல் மீண்டும் ஒரு பூச்சு. தாளில் அதே எண், ஊர், வட்டம், ஜிபிஎஸ் (தசமப் பாகையில், புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் போதும்), அடுக்கின் நிறமும் தன்மையும், அடையாளப் பட்டையிலிருந்து உயரம், தேதி. பால்பாயின்ட் பேனா மங்கிவிடும், பென்சில் நிற்கும். கடைசியாக, பாறையில் பதிந்திருந்ததா, உதிரியாகக் கிடந்ததா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். உறுதியில்லை என்றால் "உதிரி" என்றே போடுங்கள். உதிரி என்று எழுதிய கல்லை ஆய்வாளர் எச்சரிக்கையோடு பயன்படுத்துவார். தவறான அடுக்கு எழுதிய கல்லோ அந்த அடுக்கின் வயதையே மாற்றிக் காட்டிவிடும்.