ஐந்து கண் சட்ரஸ்: இடது சிறகுச் சுவரருகே ஊற்று, இரண்டு ஷட்டர் முழுசாக இறங்கவில்லை

மூணாறுதலைப்பு எழுதியது:

திருவாரூர் மாவட்டத்தில் கோரையாற்றுப் பாசனத்தில் ஒரு சிறு கிளையாறு. அதன் குறுக்கே ஐந்து கண் (திறப்பு) உள்ள சட்ரஸ், அதாவது தண்ணீரைத் தேக்கி வாய்க்காலுக்குத் திருப்பும் மதகணை. கண் ஒவ்வொன்றும் பத்தடி அகலம், இரும்பு ஷட்டர், கையால் சுற்றித் தூக்குவது. ஐந்தையும் இறக்கினால் மேல்புறம் படிக்கல்லுக்கு (ஷட்டர் உட்காரும் அடிக்கல்) மேல் ஐந்தடி தண்ணீர் நிற்கும். அதை நம்பி இரு கரையிலும் தலா ஒரு வாய்க்கால்.

மூடியிருக்கும்போது கீழ்ப்புறத் தளம் முடிந்து நாலைந்து அடி தள்ளி, இடது சிறகுச் சுவரை (கரையைத் தாங்கும் பக்கச் சுவர்) ஒட்டி ஊற்று கிளம்புகிறது. இரண்டு ஷட்டர்கள் முழுக்க உட்காருவதில்லை, அடியில் இரண்டு அங்குலம் இடைவெளி. ஊற்றின் மேல் மணல் மூட்டை போட்டு அமுக்கிவிடலாம் என்று ஊரில் ஒரு தரப்பு சொல்கிறது. சம்பாவுக்குத் தண்ணீர் நிற்கட்டும், எதையும் தொடாதே என்பது இன்னொரு தரப்பு. இந்த ஊற்று ஆபத்தா? ஷட்டர் இடைவெளிக்கு என்ன செய்வது? மழைக்காலத்தில் எந்த வரிசையில் திறப்பது?

மண்வெட்டி எழுதியது:

அண்ணே, முதல் வேலையாக அந்த மூட்டையை நிறுத்துங்கள். ஊற்றின் வாயை அடைத்தால் தண்ணீர் நிற்காது, வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். அது சிறகுச் சுவருக்குப் பின்னால் வந்தால் உங்கள் கண்ணுக்கே தெரியாது.

ஊற்று வருவது மட்டும் ஆபத்தில்லை, மண்ணை இழுத்து வருகிறதா என்பதுதான் விஷயம். ஊற்று நீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். தெளிவாகவே இருந்தால் தினமும் பார்த்துக் குறித்து வந்தால் போதும். அடியில் மணல் படிந்தாலோ, ஊற்றைச் சுற்றி எறும்புப் புற்று மாதிரி மணல் வளையம் கட்டியிருந்தாலோ, தளத்துக்கு அடியில் இருக்கும் மண் வெளியேறுகிறது என்று அர்த்தம். அப்புறம் நாள் கடத்தக்கூடாது.

டெல்டாவில் இந்தச் சட்ரஸ்கள் பாறை மேல் உட்காரவில்லை, ஆற்று மணல் மேல்தான். தளத்துக்கு அடியில் தண்ணீர் எப்போதும் ஊர்ந்துகொண்டிருக்கும். ஊரும் பாதை நீளமாக இருந்தால் வேகம் செத்து, மணலை நகர்த்தத் திராணி இல்லாமல் வெளியே வரும். பிளை என்ற பொறியாளர் வகுத்த பழைய கணக்குப்படி நுண்மணலுக்கு அந்தப் பாதை, மேல் கீழ் நீர்மட்ட வித்தியாசத்தைப் போல் 15 மடங்கு வேண்டும். உங்கள் ஐந்தடிக்கு 75 அடி. ஷட்டருக்கு மேல்புறம் இருக்கும் முன்தளம், கீழ்ப்புறம் இருக்கும் பின்தளம், இடையில் மண்ணுக்குள் இறங்கும் தடுப்புச் சுவர்களில் இறங்கி ஏறும் ஆழம் எல்லாம் இதில் சேரும். கீழ்ப்புறம் ஆற்றுப்படுகை அரித்தோ மணல் அள்ளியோ இரண்டடி இறங்கிவிட்டால் வித்தியாசம் ஏழடி, தேவை 105 அடி. கட்டடத்தில் ஒரு செங்கல்கூட மாறியிருக்காது, ஆனால் பழைய நீளம் இனி போதாது.

மண் வந்தால் உடனே செய்ய வேண்டியது மேல்புற மட்டத்தைக் குறைப்பது. ஐந்தடியை இரண்டரைக்குக் கொண்டுவந்தாலே உந்துதல் பாதியாகிவிடும். பிறகு ஊற்றைச் சுற்றி, வாயை விட்டு இரண்டு மூன்றடி தள்ளி, மூட்டைகளை வட்டமாக அடுக்கி உள்ளே தண்ணீர் தேங்க விடுங்கள். ஒரு பக்கம் வழிந்தோட வாய் வேண்டும். வட்டத்துக்குள் முதலில் பெருமணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி. தண்ணீர் போகட்டும், மண் நிற்கட்டும். அடைப்பதெல்லாம் மேல்புறம்தான்: அங்கே முன்தளத்து வெடிப்பிலும் சுவரோரத்திலும் களிமண் போட்டு மிதிக்க வேண்டும்.

கரையில் நண்டு வளை, எலி வளை, சுவரில் முளைத்த அரசங்கன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். சுவரைச் சுற்றிக்கொண்டு வரும் தண்ணீருக்கு அவைதான் வழி.

லஸ்கர்வீட்டுப்பிள்ளை எழுதியது:

ஷட்டர் பற்றி. இரண்டு அங்குலம்தானே என்று விடாதீர்கள். ஐந்தடி அழுத்தத்தில் பத்தடி அகலக் கண்ணின் அடியில் இரண்டு அங்குலம் திறந்திருந்தால் விநாடிக்குச் சுமார் 17 கனஅடி போகும். விநாடிக்கு ஒரு கனஅடி வீதம் ஒரு நாள் ஓடினால் 12 ஏக்கருக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டலாம். ஒரு ஷட்டரின் ஒழுக்கிலேயே நாளுக்கு 200 ஏக்கர் தண்ணீர் போகிறது.

உட்காராததற்குக் காரணம் பெரும்பாலும் படிக்கல்லில் சிக்கிய கட்டை, கல், அல்லது பக்கக் காடியில் (ஷட்டர் ஏறி இறங்கும் பள்ளம்) இறுகிய வண்டல். இதெல்லாம் இல்லையென்றால் திருகுத்தண்டு வளைந்திருக்கும். இறங்கவில்லை என்று இரண்டு பேர் தொங்கிச் சுற்றினால் தண்டு வளைவதுதான் மிச்சம். அது இழுப்பதற்குத் தாங்கும், அழுத்துவதற்குத் தாங்காது. ஐந்தடித் தண்ணீர் அந்த ஒரு ஷட்டரைக் காடியோடு சேர்த்து அழுத்துவது ஏறக்குறைய மூன்றரை டன். அந்த உராய்வோடுதான் மல்லுக்கட்டுகிறீர்கள். ஓரடி தூக்குங்கள், அடியில் பாய்கிற தண்ணீரே குப்பையை அடித்துக்கொண்டு போகும், பிறகு இறக்குங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் பாதிக்குப் பாதி சரியாகும்.

யாரையும் மேல்புறம் மூழ்கிப் பார்க்கச் சொல்லாதீர்கள். இரண்டு அங்குல இடைவெளியும் காலைக் கவ்வி இழுக்கும். தற்காலிக அடைப்புக்கு வைக்கோல் புரியைப் பாலத்தில் இருந்தே மேல்புறம் இறக்கினால் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும்.

திறக்கும் வரிசை: நடுக்கண் முதலில், பிறகு 2, 4, கடைசியில் 1, 5. ஒரு சுற்றுக்கு அரை அடிதான். மூடும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு. ஒரே கண்ணை முழுக்கத் தூக்கிவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கம்தான் பின்தளத்தைத் தின்கிறது.

ஒழுகும் இரண்டு கண்கள் எந்தப் பக்கம்?

மூணாறுதலைப்பு எழுதியது:

இடது பக்கம், 1, 2. பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன், விரல் நக அளவுக்கு நுண்மணல் படிகிறது. மட்டத்தை மூன்றடிக்குக் குறைத்திருக்கிறோம்.

மண்வெட்டி எழுதியது:

அப்படியென்றால் இரண்டு கோளாறு இல்லை, ஒன்றுதான். மூடியிருக்கும் காலமெல்லாம் 1, 2 வழியாகப் பீய்ச்சியடித்த தண்ணீர், தளம் முடியும் இடத்தில் இடதுபக்கம் மட்டும் குழி பறித்திருக்கும். குழி ஆழமானதும் அடிநீருக்கு வெளியேறும் வழி கிட்டவாகிவிட்டது. நீண்ட மூங்கிலில் அடிக்கணக்குக் குறித்து, தளத்தின் கீழ்விளிம்பை ஒட்டி ஐந்து கண்ணுக்கும் நேராக ஆழம் பாருங்கள். இடது பக்கம் கூடுதலாக இருந்தால் சந்தேகமே இல்லை.

கடைமடையான் எழுதியது:

மூன்றடிக்குக் குறைத்தது சரி, ஆனால் ஒரே மூச்சில் இறக்காதீர்கள். ஊறிய மண்கரை மட்டம் சடாரென இறங்கினால் சரியும். சாதாரண நாளில் நாளுக்கு ஓர் அடி. வெள்ளத்தில் அந்தக் கணக்கு செல்லாது, அப்போது சட்ரஸைக் காப்பதுதான் முக்கியம்.

மேட்டூரில் கூடுதலாகத் திறந்தால் கல்லணைக்கு வரச் சுமார் மூன்று நாள் ஆகும், அதற்குள் தயாராகலாம். ஐப்பசி, கார்த்திகையில் உள்ளூரில் கொட்டுகிற மழைக்கு அந்த அவகாசம் கிடையாது. நம் ஆறுகள் பாசனமும் வடிகாலும் ஒன்றேதான். வயலில் இருந்து வடிவதும் அதே சட்ரஸுக்குத்தான் வரும். ஆகவே கனமழை எச்சரிக்கை வந்த அன்றே வாய்க்கால் தலைமதகை மூடிவிட்டு ஐந்து ஷட்டரையும் படிப்படியாக நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிவிட வேண்டும். அதற்கு முன்பே வெங்காயத் தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் அப்புறப்படுத்தாவிட்டால் தூக்கியும் பயனில்லை, தூணுக்குத் தூண் மெத்தையாக அடைத்து மேல்புறக் கரையை வழிய வைக்கும்.

“தொடாதே” தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் மண் இழுக்கும் சட்ரஸில் ஐந்தடி நிறுத்துவதைவிட, மூன்றடி நிறுத்தி இரண்டு வாய்க்காலுக்கும் முறை வைத்து விடுவது மேல். எங்கள் பக்கம், கடலோரச் சட்ரஸ்களில், கோடையில் மூடி வைப்பது உப்புநீர் ஏறாமல் இருக்க. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லையே.

ஓடம்போக்கி எழுதியது:

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வராது. அது 15 மீட்டருக்கு மேல் உயரமானவை, 10 முதல் 15 மீட்டரில் சில நிபந்தனைக்கு உட்பட்டவை ஆகியவற்றுக்குத்தான். சட்டத்தில் வரவில்லை என்பதால் யாரும் பார்க்கத் தேவையில்லை என்று ஆகாது. நீர்வளத்துறையின் பிரிவு உதவிப் பொறியாளருக்கு எழுதி நகலைச் செயற்பொறியாளருக்கு அனுப்புங்கள், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்திலும் மனுவாகக் கொடுங்கள். பாசனதாரர் சங்கம் இருந்தால் அதன் பெயரில் கொடுப்பது நல்லது. மனுவில் ஆற்றின் பெயர், கண் எண், மேல் கீழ் நீர்மட்டம், ஊற்று தளவிளிம்பிலிருந்து எத்தனை அடி, மூங்கிலில் எடுத்த ஐந்து ஆழங்கள், அளவுகோல் வைத்து எடுத்த படம் இவ்வளவும் இருக்கட்டும். “அணை ஆபத்தில் உள்ளது” என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். மண் திடீரென அதிகமானாலோ சுவரில் வெடிப்பு விட்டாலோ மனு எழுதிக்கொண்டிருக்காதீர்கள், 1077க்குப் பேசுங்கள்.

முக்கொம்பு கொள்ளிடம் மேலணையில் 2018 ஆகஸ்டில் ஒன்பது மதகுகள் போனபோது அதன் மேலிருந்த பாலமும் சேர்ந்தே போனது. ஆகவே ஊற்று நிற்கும்வரை உங்கள் சட்ரஸ் பாலத்தில் நெல் ஏற்றிய டிராக்டரை விடாதீர்கள்.

லஸ்கர்வீட்டுப்பிள்ளை எழுதியது:

நிரந்தர வேலைக்கு இடைவெளி, வழக்கப்படி ஜனவரி 28 மேட்டூர் மூடியதிலிருந்து ஜூன் 12 வரை. செலவு மதிப்பீடு ஜனவரிக்குள் போயிருந்தால்தான் கோடையில் ஆள் இறங்குவார்கள். ஆறு காய்ந்ததும் தளத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள், பொத்தென்று கேட்கும் இடமெல்லாம் அடியில் மண் இல்லை. சுண்ணாம்பால் வட்டம் போட்டு வையுங்கள். அங்கே துளையிட்டுச் சிமெண்டுக் கரைசல் ஏற்றிய பிறகுதான் கீழ்ப்புறக் குழியில் கல் நிரப்ப வேண்டும். ஷட்டர் 1, 2க்கு அடி ரப்பரும் திருகுத்தண்டும் அதே மதிப்பீட்டில் சேரட்டும். அதை விட்டுவிட்டால் அடுத்த சம்பாவில் அதே இடத்தில் குழி விழும்.