நல்ல புடவையில் ஒரு போட்டோ

மனிதர்களைப் படமெடுக்கப் பழகலாம் என்று நான் முதலில் போய் நின்றது சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில். ஞாயிறு விடியற்காலை, கையில் தூரத்திலிருந்தே எடுக்க உதவும் 70-200 ஜூம் லென்ஸ். ஐஸ் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு, ஏலம் விடுபவரையும் கூடை சுமப்பவரையும் எடுத்துத் தள்ளினேன். ஆளுக்குத் தெரியாமல் இயல்பாக எடுக்கும் 'கேண்டிட்' என்று சொல்லிக்கொண்டாலும், உண்மையில் பேசப் பயம். வீட்டில் வந்து பார்த்தால் பாதி முதுகு, மீதி முறைப்பு.

மூன்றாவது வாரம் மீன் விற்கும் ஆயா ஒருவர் பிடித்துவிட்டார். "இன்னா தம்பி, திருட்டுத்தனமா எடுக்கிற? எடுக்கறதுன்னா எதிர்ல வந்து எடு." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அரைக் கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

அடுத்த முறை ஜூம் இல்லாத 50 எம்எம் லென்ஸ் மட்டும்தான். என் கேமராவின் சின்ன சென்சாருக்கு, நெஞ்சு வரை ஒருவரை எடுக்க ஒன்றரை மீட்டர் அருகில் போயாக வேண்டும். அவ்வளவு கிட்டே நின்றுகொண்டு வாய் திறக்காமல் இருக்க முடியாது. முதல் அரை மணி நேரம் கேமரா கழுத்திலேயே தொங்கியது. நெத்திலி விலை, பேத்தியின் படிப்பு, முழங்கால் வலி என்று பேச்சு போனது. அப்புறம் "எடுக்கட்டுமா ஆயா?" என்றேன். "எடு, எடு" என்றவர் அரிவாள்மனையிலிருந்து நிமிரக்கூட இல்லை. பின்னால் ஐஸும் தெர்மாகோல் பெட்டியும் வெள்ளையாக இருந்ததால் முகம் கறுத்து விழுந்தது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றி, அதாவது வெளிச்சத்தை இரட்டிப்பாக்கிய பிறகுதான் சரியானது. கண்ணாடி வளையலில் ஒட்டிய ஒற்றைச் செதில் பளபளக்க, அதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல படம்.

பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆயா முகத்தைச் சுளித்தார். "ரத்தமும் செதிலுமா, இத யாரு வூட்ல மாட்டுவா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதும் நியாயம்தானே. அடுத்த ஞாயிறு வியாபாரம் முடிந்ததும் முகம் கழுவி, அரக்குப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தார். கை இரண்டும் விறைப்பாகத் தொங்க, சிரிப்பே இல்லாமல் நேராக நின்றார். "கொஞ்சம் சிரிங்க ஆயா" என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவருக்கு வேண்டிய படம் அது. அதைத்தான் பெரிதாகப் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்.

அதிலிருந்து நான் எடுப்பது எப்போதும் இரண்டு: எனக்கு ஒன்று, அவர்கள் கேட்கிறபடி ஒன்று. வேண்டாம் என்றவர்களும் உண்டு. வலை பின்னும் அண்ணன் ஒருவர் தலையை மட்டும் ஆட்டி மறுத்தார். டீ குடித்தோம், அவ்வளவுதான்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், துறைமுகத்து ஆட்களுக்கும் கொஞ்சம் ஓய்வு. ஆயாவின் தெருவிலிருந்து ஏழு பேர் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள், எல்லோரும் நல்ல புடவையில்தான். சங்கராவுக்கு மட்டும் ஆயா இன்னும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.