‘காணவில்லை’ என்று வந்த தந்தி: மனு எழுதிக் கொடுத்தவர்களின் அனுபவங்கள்

பரதராமியிலிருந்து:

பட்டாளத்தில் இருபத்து நான்கு வருஷம் கிளார்க் வேலை பார்த்துவிட்டு ஹவில்தாராக ஊர் திரும்பியவன் நான். குடியாத்தத்திலிருந்து சித்தூர் போகிற சாலையில், ஆந்திர எல்லையை ஒட்டி எங்கள் ஊர். இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் மிலிட்டரிக்காரர்கள். பென்ஷன் நின்றுபோச்சு, மனைவி பெயரில் எழுத்துப் பிழை, டிஸ்சார்ஜ் புக் தொலைந்துபோச்சு என்று வருகிறவர்களுக்குக் காசு வாங்காமல் மனு எழுதிக் கொடுக்கிறேன். அப்படி எழுதியதில் ஒரு மனுவைப் பற்றி ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். இதே மாதிரி அனுபவம் உள்ளவர்களும் எழுதுங்கள்.

2014இல் ஒரு நாள், எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா பேரனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். நெற்றியில் அகலமான குங்குமம், கழுத்தில் தாலிக் கயிறு, கையில் மஞ்சள் பை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, “ஊட்டுக்காரரப் பத்திக் கேக்கணும் நைனா” என்றார்.

கணவர் பீரங்கிப் படையில் இருந்தவர். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு போர் வந்து, ஜம்மு எல்லையை ஒட்டிய சம்ப் பகுதியில் சண்டை நடந்தபோது அங்கே இருந்தார். அந்த மாதக் கடைசியில் வீட்டுக்குத் தந்தி வந்தது. அப்போது இந்த அக்காவுக்கு இருபது வயது, மடியில் ஆறு மாதக் குழந்தை. தந்தியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மஞ்சள் துணியில் சுற்றி, நாலாக மடித்து, மடிப்பெல்லாம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. ஒட்டிய காகிதப் பட்டைகளில் இரண்டு உதிர்ந்துபோய், ‘மிஸ்ஸிங்’ என்கிற சொல் இருந்த பட்டை மட்டும் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு சில வருஷம் கழித்து, இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார் என்று கடிதம் வந்தது. குடும்ப பென்ஷனும் வந்தது. இங்கேதான் அந்த அக்கா பட்ட வேதனை ஆரம்பம். “பென்ஷன் வாங்குறியே, அப்ப செத்துட்டாருன்னு ஒத்துக்கிட்டே இல்ல, பொட்டு எதுக்கு?” என்று சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால் ஒருவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம் வைத்திருக்கிற ஏற்பாடு. குழந்தைக்குச் சோறு போடவும் சொத்து விவகாரம் தீரவும் அது வேண்டும். ஆனால் அது ஒரு அனுமானம்தான். பென்ஷன் புத்தகத்தில் கைநாட்டு வைத்ததால், புருஷன் எங்கே என்று கேட்கிற உரிமையை ஒரு பெண் எழுதிக் கொடுத்துவிட்டதாக ஆகாது. இதை அந்த அக்காவிடம் நான் சொன்னபோது, முதல் தடவையாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் கணவரோடு வேலை பார்த்த ஒருவர், சிறைப்பட்டு 1972 டிசம்பரில் திரும்பி வந்தவர்களில் இருந்தாராம். அக்காவின் கணவரைக் காலில் கட்டுப் போட்டு, லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைத் தன் கண்ணால் பார்த்ததாக வீட்டுக்கே வந்து சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாற்பது வருஷத்துக்கு மேல் மனு போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மனுவுக்கும் யாரோ ஐந்நூறு, ஆயிரம் வாங்கியிருக்கிறார்கள், இங்கிலீஷில் எழுதினால்தான் டெல்லியில் எடுப்பார்கள் என்று சொல்லி. தேசிய மனித உரிமை ஆணையத்துக்குக் கட்டணமே கிடையாது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் எழுதலாம், தமிழிலும் தெலுங்கிலும் தாராளமாக எழுதலாம். இந்த ஒரு விஷயத்தையாவது ஊர் ஊராகச் சொல்ல வேண்டும்.

பழைய மனுக்களின் நகல்களைப் பரப்பி வைத்துப் பார்த்தேன். எல்லாமே அழுகை. ‘கருணை கூர்ந்து’, ‘தங்கள் பாதம் பணிந்து’. வந்த பதில்களில் பாதி, இந்த ராணுவ எண்ணில் அப்படி ஒருவர் பதிவில் இல்லை என்பது. எனக்குக் கிளார்க் புத்தி. “அக்கா, அவர் டிரங்குப் பெட்டி இருக்கா?” என்று கேட்டேன். இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். கறுப்பு இரும்புப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எண்ணும் பெயரும். பாதி உரிந்திருந்தாலும் எண் தெரிந்தது. நடுவில் ஒரு 7. மனுக்களில் எல்லாம் அது 1 ஆகியிருந்தது. ஏதோ ஒரு நகலில் 7இன் மேல்கோடு விழாமல் போக, அதைப் பார்த்து அடுத்தவர் எழுத, அதைப் பார்த்து அதற்கடுத்தவர் எழுத, இத்தனை வருஷம் இல்லாத ஒரு ஆளைத் தேடச் சொல்லி மனு போயிருக்கிறது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அரசின் கணக்குப்படி 1971 போரில் பாகிஸ்தான் பிடியில் இருப்பதாக நம்பப்பட்டவர்கள் 54 பேர். அந்தப் பட்டியலில் இவர் பெயர் இல்லை. அதை மறைக்காமல் அக்காவிடம் சொன்னேன். அந்த 54 குடும்பங்கள் பட்ட பாட்டையும் சொன்னேன். இரண்டு நாடும் செய்துகொண்ட சிம்லா ஒப்பந்தம் 1972 ஜூலையில் முடிந்தது. நாம் பிடித்து வைத்திருந்த பாகிஸ்தான்காரர்கள் சுமார் 93,000 பேரும் 1974 ஏப்ரலுக்குள் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டிலும் அம்மாமார்கள் கடிதத்துக்காகக் காத்திருந்தார்கள்தானே, அவர்கள் போனது நியாயம். ஆனால் நம் 54 பேரைப் பற்றிய கேள்வி அப்படியே நின்றது. அவர்களில் ஒருவரான மேஜர் அசோக் சூரியின் கையெழுத்தில் 1974 கடைசியிலும் அதற்குப் பிறகும் அவர் அப்பாவுக்குக் கடிதம் வந்தது. விமானப்படையின் விஜய் வசந்த் தாம்பேயின் மனைவி தமயந்தி, பாட்மின்டனில் தேசிய சாம்பியன், திருமணமாகி ஒன்றரை வருஷத்தில் கணவரைத் தொலைத்தவர். 1983இல் சில குடும்பத்தினரை முல்தான் சிறைக்கு அழைத்துப் போனார்கள். 2007இல் 14 பேர் போய்ப் பல சிறைகளைப் பார்த்தார்கள். யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. தங்களிடம் யாரும் இல்லை என்பதுதான் பாகிஸ்தான் சொல்லும் பதில். சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகும்படி குஜராத் உயர் நீதிமன்றம் 2011இல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா, “அந்தம்மாங்க எல்லாம் படிச்சவங்க, அவங்களுக்கே அப்படின்னா?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

சரி, மனுவுக்கு வருகிறேன். மனித உரிமைச் சட்டம் 1993இல் இரண்டு சிக்கல் இருக்கிறது. ராணுவம் சம்பந்தப்பட்ட புகார் என்றால் 19ஆவது பிரிவுப்படி ஆணையம் மத்திய அரசிடம் அறிக்கை கேட்கலாம், பரிந்துரை செய்யலாம், நேரடியாக விசாரிக்க முடியாது. 36ஆவது பிரிவுப்படி சம்பவம் நடந்து ஒரு வருஷம் தாண்டினால் விசாரணையே இல்லை. ஆகவே 1971ஐ முன்னால் வைக்கவில்லை. ‘என் கணவர் கடைசியாக எங்கே, எந்தத் தேதியில் பார்க்கப்பட்டார் என்று எழுதப்பட்ட காகிதம் உங்களிடம் இருக்கிறது. அதை இன்று வரை எனக்குத் தரவில்லை. தராமல் இருப்பது இன்றும் நடக்கிற உரிமை மீறல்’ என்று எழுதினேன். லாரி விஷயத்தை, சொன்னவர் யார், எந்த மாதம் வந்து சொன்னார், இப்போது அவர் உயிரோடு இல்லை என்பதோடு சேர்த்து, கேட்ட விஷயமாகவே எழுதினேன். கேட்டதைப் பார்த்ததாக எழுதினால், அந்த ஒரு வரியைப் பிடித்து முழு மனுவையும் தள்ளிவிடுவார்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துத் தனியாக ஒரு விண்ணப்பம், சரியான எண்ணோடு.

என்ன வந்தது என்பதை அப்புறம் எழுதுகிறேன். மற்றவர்கள் சொல்லுங்கள்.

குப்பத்திலிருந்து:

அண்ணா, எனக்கு நடந்தது இரண்டு நாள் விஷயம்தான். 2019 பிப்ரவரி 27. என் வீட்டுக்காரர் அப்போது பட்டாளத்தில், ஜம்மு காஷ்மீரில் ரஜௌரி பக்கம் இருந்தார், போன் போகவில்லை. அன்றைக்கு மதியம் என் கொழுந்தன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். பாகிஸ்தானிடம் பிடிபட்ட நம் விமானி அபிநந்தன், கண்ணைக் கட்டி, முகமெல்லாம் ரத்தம். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்று தெரிந்ததும் சொந்தக்காரர் குரூப் எல்லாவற்றிலும் அதேதான். என் மாமியார் சின்ன போனில் பார்த்துவிட்டு, “நம்ம புள்ளயா, நம்ம புள்ளயா” என்று கத்திவிட்டார். முகம் சரியாகத் தெரியவில்லை அவருக்கு. நான் தண்ணீர் தெளித்து உட்கார வைத்து, பெயரைப் படித்துக் காட்டிய பிறகுதான் மூச்சு வந்தது.

என் அப்பாவும் ரிட்டயர்ட் சுபேதார். அவர்தான் சொன்னார், பிடிபட்டவனை ஊர் வேடிக்கை பார்க்க விடக் கூடாது என்று போர்க்கைதிகளைப் பற்றிய ஜெனீவா மூன்றாவது ஒப்பந்தத்தில் 13ஆவது பிரிவு இருக்கிறது என்று. பெயர், ரேங்க், எண், பிறந்த தேதி, அதற்கு மேல் அவன் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அபிநந்தனும் அப்படித்தான் சொல்ல மறுத்தார். எடுத்து வெளியிட்டது அவர்கள் தப்பு. ஆனால் அதைக் கைமாற்றி அனுப்பியது நாம். நான் குரூப்பில், “தயவுசெய்து எல்லாரும் அழியுங்கள், அவர் வீட்டில் அம்மா இருக்கிறார்” என்று போட்டேன். வீரத்தைத்தானே காட்டுகிறோம் என்று கொழுந்தன் கோபித்துக்கொண்டான். மார்ச் 1 ராத்திரி வாகா வழியாக அவர் வந்துவிட்டார். என் வீட்டுக்காரரும் அடுத்த நாள் போன் செய்தார். மாமியார் மட்டும் இன்னமும் எந்த வீடியோவையும் திறப்பதில்லை.

புகார் கொடுக்கப் போகிற குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த மாதிரி வீடியோ உங்களுக்கு வந்தால், எந்தத் தேதி எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்து ஒரு பிரதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் உயிரோடு அவர்கள் கையில் இருந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பாலக்காடு சித்தூரிலிருந்து:

சித்தூர் என்றதும் எங்கள் சித்தூர் என்று நினைத்துப் படித்தேன், நீங்கள் ஆந்திரா சித்தூர். பரவாயில்லை, எல்லைக்காரர்கள் எல்லாரும் ஒன்றுதான்.

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தமிழ்க் குடும்பம். பையன் எலக்ட்ரீஷியன் வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி ரஷ்யா போனான். அங்கே புரியாத மொழியில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, யூனிபார்ம் போட்டு உக்ரைன் முன்னணிக்கு அனுப்பிவிட்டார்கள். திருச்சூர் மாவட்டத்து இளைஞர்கள் அந்தப் படையில் இறந்த செய்தி வந்தபோது இந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. பையனிடமிருந்து கடைசியாக வந்தது பதினோரு நொடி வாய்ஸ் மெசேஜ். அதற்கப்புறம் சத்தமே இல்லை. பிடிபட்டிருக்கலாம் என்று கூட இருந்தவன் சொன்னான்.

அவன் அப்பா எழுதி வைத்திருந்த புகாரில், ‘என் மகன் ராணுவ வீரனே இல்லை’ என்று பத்து இடத்தில் இருந்தது. அந்த மனசு எனக்குப் புரிந்தது. ஆனால் பிடிபட்டிருந்தால், படையில் இருந்தவன் என்பதுதான் அவனுக்குக் கவசம். போர்க்கைதிக்குரிய பாதுகாப்பு, வீட்டுக்கு அட்டை எழுதும் உரிமை எல்லாம் அதை வைத்துத்தான். ஆகவே இரண்டு காகிதமாகப் பிரித்தோம். ஏமாற்றி அனுப்பியது போலீசுக்கு. எந்தப் பிரிவு, கடைசி இடம், கடைசித் தேதி, உடம்பில் உள்ள தழும்பு, இதெல்லாம் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் வெளியுறவுத் துறைக்கும். வலது முழங்கையில் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. அதை எழுதச் சொன்னபோது அம்மாக்காரி அளவு காட்டினார், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து. இன்னும் காத்திருக்கிறோம்.

பரதராமியிலிருந்து மறுபடியும்:

பாலக்காட்டு நண்பர் அட்டை எழுதும் உரிமை என்று சொன்னாரே, அது ரொம்ப முக்கியம். முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் கைதி தன் வீட்டுக்கும், செஞ்சிலுவைச் சங்கத்தின் கைதிகள் மையத்துக்கும் அட்டை எழுத விட வேண்டும் என்பது ஜெனீவா ஒப்பந்தத்தின் 70ஆவது பிரிவு. மாதம் குறைந்தது இரண்டு கடிதம், நான்கு அட்டை என்று 71ஆவது பிரிவு. அட்டை வராததே ஒரு புகார். ஆள் எங்கே என்று தெரியாவிட்டால் தேடச் சொல்லிச் செஞ்சிலுவைச் சங்கத்தில் காசில்லாமல் பதியலாம். தேடுதலைத் தொடங்க நாள் ஆக ஆகக் கஷ்டம், அதனால் முதல் வாரத்திலேயே போங்கள். கார்கிலில் 1999 மே 15 அன்று கேப்டன் சௌரப் காலியாவும் ஐந்து வீரர்களும் பிடிபட்டார்கள். ஜூன் 9 அன்று சித்திரவதைக் காயங்களோடு உடல்கள்தான் திரும்பின. அவர் அப்பா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். உடல் கிடைத்த குடும்பத்துக்கே நீதி கேட்டு இத்தனை வருஷம் என்றால், எதுவுமே கிடைக்காதவர்கள் எவ்வளவு காலம் கேட்க வேண்டியிருக்கும்?

அந்த அக்காவுக்கு என்ன வந்தது என்று சிலர் கேட்டீர்கள். மனித உரிமை மனு மேலே போய் ஒரு அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. பரிசீலிக்கப்பட்டது, அவ்வளவுதான். தகவல் உரிமை விண்ணப்பத்துக்கு ஐந்தாவது மாதம் ஒரு தபால். சரியான எண்ணில் கோப்பு இருந்திருக்கிறது. டைப் அடித்த ஒரு பக்கத்தின் நகல். 1971 டிசம்பர் 6 இரவு, மனாவர் தவி ஆற்றைக் கடந்து பின்வாங்கும்போது கடைசியாகப் பார்க்கப்பட்டார் என்று இருந்தது. லாரியைப் பற்றியோ கால் கட்டைப் பற்றியோ எதுவும் இல்லை.

நான் தமிழில் மூன்று தடவை படித்துக் காட்டினேன். அக்கா வீட்டில் தமிழ் பேசுகிறவர், ஆனால் பள்ளியில் படித்தது தெலுங்கு. பலமநேரிலிருந்து வந்த என் மருமகளைக் கூப்பிட்டு, ஆற்றின் பெயரையும் தேதியையும் தெலுங்கில் எழுதித் தரச் சொன்னார். எழுத்துக் கூட்டி ஒரு தடவை வாசித்தார். தந்தியோடு சேர்த்து மஞ்சள் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “ஆறா நைனா? அவருக்கு நீச்சல் நல்லாத் தெரியும்” என்றார்.