சும்மா போய் வர ஒரு ஊர்: உங்களுக்கு எது?

ஹவுரா மெயில்:

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் வேண்டாம், அது எங்கும் கிடைக்கும். வேலையும் இல்லை, சொந்தபந்தமும் இல்லை, ஆனாலும் நாலு நாள் லீவு சேர்ந்து வந்தால் போய்விட்டு வரலாமா என்று மனசு அரிக்கும் ஊர் ஒன்று எல்லோருக்கும் இருக்கும். அது எது, ஏன் என்று எழுதுங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன். எனக்குக் கொல்கத்தா.

மாற்றல் ஆர்டர் வந்து போனவன் நான், விரும்பிப் போகவில்லை. கிளம்பும்போது ஆபீசில் எல்லோரும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடுதான் கை கொடுத்தார்கள். அழுக்கு, நெரிசல், எடுத்ததற்கெல்லாம் பந்த், புழுக்கம் என்று அவர்கள் சொன்னது எதுவும் பொய்யில்லை. ஏப்ரல், மே மாதங்களில் சென்னைக்காரனே திணறிப்போவான். ஆனால் அந்த ஊரில் ஒருத்தன் எதுவும் வாங்காமல், எதுவும் விற்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கலாம். இந்தியாவில் வேறெந்தப் பெருநகரமும் இதை இவ்வளவு தாராளமாக அனுமதித்து நான் பார்த்ததில்லை.

ஹவுரா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, டாக்ஸிக்காரர்களைத் தாண்டி எதிரே நடந்தால் படகுத்துறை. டிக்கெட் ரொம்ப மலிவு. பாபு காட் துறைக்கு ஒரு படகு, ஃபேர்லிக்கு ஒரு படகு, வடக்கே பாக்பஜார் பக்கம் போகிறதும் உண்டு. ஆபீஸ் போகிறவர்கள் பேப்பரை நாலாக மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றபடியே படிப்பார்கள். பக்கத்தில் ஹவுரா பாலம். 1943-ல் திறந்தது. ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது, நட்டு போல்ட்டு இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்தே கட்டியிருக்கிறார்கள். 2024-லிருந்து ஆற்றுக்கு அடியில் மெட்ரோவும் ஓடுகிறது, ஒரு நிமிடத்துக்குள் அக்கரை. நல்ல வசதிதான், மறுக்கவில்லை, ஆனால் நான் அந்த ஊருக்கு நேரத்தை மிச்சம் பிடிக்கப் போவதில்லை என்பதால் இன்றைக்கும் படகுதான்.

டிராம் கதை வருத்தமானது. 1873-ல் குதிரை இழுத்து ஆரம்பித்தது, 1902-ல் மின்சாரத்துக்கு மாறியது. நான் இருந்தபோதே தடங்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். 2024-ல் எஸ்பிளனேடு, மைதானம் பகுதியில் மட்டும் நினைவுக்காக ஓடினால் போதும் என்று மாநில அரசே சொல்லிவிட்டது. ஊரே அதற்காகச் சண்டை போடுகிறது, ஆனால் சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் டிராமில் ஏறி வருஷக்கணக்காகியிருக்கும் என்பது என் சந்தேகம்.

பஸ் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தட்டிமுட்டுத் தனியார் பஸ், மரப்பலகைத் தரை, கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு தகரத்தைத் தட்டித் தட்டி ஊர்ப்பெயர்களைக் கத்துவார். நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகியிருப்பார். அசுர வேகம். ஆனால் கைக்குழந்தையோடு ஒரு அம்மா இறங்க வேண்டும் என்றால் உடனே அவர் குரல் மாறும்: “ஆஸ்தே லேடீஸ், கோலே பாச்சா!” மெதுவாக, பெண்கள் இறங்குகிறார்கள், மடியில் குழந்தை என்று டிரைவருக்குத் தகவல். அந்த அம்மாவின் இரண்டு காலும் தரையில் பட்ட பிறகுதான் தகரத்தில் அடுத்த தட்டு விழும்.

அப்புறம் டீக்கடை பெஞ்சு. மண் குவளையில் நாலு மடக்கு டீ, அதற்கு முக்கால் மணி நேரப் பேச்சு. முதல் வாரத்திலேயே ஒரு பெரியவர் என்னைப் பிடித்து, ஈஸ்ட் பெங்காலா மோகன் பகானா என்று கேட்டார். நான் மெட்ராஸ்காரன், ஃபுட்பால் பார்ப்பதில்லை என்றேன். அது பதிலே இல்லை என்றுவிட்டார். ஹில்சா மீன் பிடிக்குமா இறால் பிடிக்குமா என்று அடுத்த கேள்வி, ஏனென்றால் ஹில்சா ஈஸ்ட் பெங்கால் கட்சி, இறால் மோகன் பகான் கட்சி. இறால் என்றேன். பெஞ்சில் பாதிப் பேர் கைதட்டினார்கள், மீதிப் பேர் அன்றிலிருந்து என்னோடு சண்டை. ஒரு வாரத்தில் எனக்கு ஊரில் நண்பர்களும் எதிரிகளும் தயார். பெங்களூரில் அதற்கு முன் குடியிருந்த அபார்ட்மெண்டில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல்தான் காலி செய்தேன்.

வாழையிலை, முருங்கைக்காய், ஃபில்டர் காபித்தூள் வேண்டுமென்றால் லேக் மார்க்கெட். அந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. சரி, நான் நிறுத்துகிறேன், நீங்கள் எழுதுங்கள்.

மாசி வீதிக்காரி:

அண்ணே, சும்மா உட்காருவதற்கு அவ்வளவு தூரம் ரயில் ஏற வேண்டுமா? மதுரைக்கு வாருங்கள்.

பிறந்த ஊர் என்பதால் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை, கல்யாணமாகி வெளியே போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்கு மதுரை பிடிக்கவே ஆரம்பித்தது. இருக்கும்போது வெயிலும் தூசியும்தான் தெரிந்தன. இப்போது அம்மா அப்பாவும் இல்லை, வீடும் விற்றாயிற்று. லாட்ஜில் ரூம் போட்டுத் தங்குகிறேன், சொந்த ஊரில் லாட்ஜில் தங்குவதில் ஒரு தனி சுகம் இருக்கிறது, யாரும் ஏன் வந்தாய், எப்போது கிளம்புகிறாய் என்று கேட்க மாட்டார்கள்.

நான் போவது ராத்திரிக்காக. கோயிலைச் சுற்றியிருக்கும் சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை, கல் பாவியிருக்கிறார்கள். வெயில் தாழ்ந்ததும் ஜனம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடும். பாட்டிகள் காலை நீட்டிக்கொண்டு, பிள்ளைகள் பந்து உருட்டிக்கொண்டு, வெளியூர்க் குடும்பங்கள் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு. எதிரே கோபுரம், அதைக்கூடப் பாதிப் பேர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அப்புறம் எழுந்து நடந்தால் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, தள்ளுவண்டியில் சுக்கு மணக்கும் பருத்திப்பால், இன்னும் நேரமானால் சட்டினி நாலைந்து வகையோடு இட்லி. பதினொரு மணிக்குப் பொம்பளை தனியாக நின்று இட்லி சாப்பிட்டால் யாரும் ஒரு மாதிரி பார்க்காத ஊர் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்.

ஊரின் அமைப்பும் எனக்குப் பிடித்தது. உள்ளிருந்து வெளியே ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரம் சதுரமாக வீதிகள், கடைசியில் வெளி வீதி. இதில் ஒரு வேடிக்கை: சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். திருமலை நாயக்கர் காலத்தில் மாசி மாத விழாவைச் சித்திரைக்கு மாற்றினார்கள், தேர் மட்டும் பழைய வீதியை விடவில்லை என்று சொல்வார்கள். வெளி வீதி இருக்கும் பக்கம் ஒரு காலத்தில் கோட்டைச் சுவர். 1840-களில் பிளாக்பர்ன் கலெக்டர் இடித்துத் தள்ளினார். அந்த வேலையில் இருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி இரண்டு பேர் பெயரிலும் தெரு இருக்கிறது. துரைக்குத் தெரு வைத்தது பெரிய விஷயமில்லை, மேஸ்திரிக்கும் வைத்தார்கள் பாருங்கள்.

குறை சொல்லாவிட்டால் நம்ப மாட்டீர்கள்: வைகையைப் பார்க்காதீர்கள். அழகர் இறங்கும் நாளுக்கு அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது, மற்ற நாளில் பாலத்தில் வேகமாகக் கடந்துவிடுவது நல்லது.

செக்டர்வாசி:

இரண்டு பேரும் நெரிசலையே அழகு என்று எழுதிவிட்டீர்கள், யாராவது எதிர்க்கட்சியில் இருக்க வேண்டுமே. எனக்குச் சண்டிகர்.

திருநெல்வேலிக்காரன், பேங்க் வேலை. அங்கே போய்ச் சேர்ந்ததும் எனக்கு முதலில் கிடைத்தது நிம்மதி. முகவரி என்றால் செக்டர் எண், வீட்டு எண், அவ்வளவுதான். பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால், டிரான்ஸ்பார்மருக்கு எதிரே என்கிற கதையே இல்லை. லெ கொர்பூசியே போட்ட திட்டம். ஒவ்வொரு செக்டருக்கும் உள்ளேயே கடை, பள்ளிக்கூடம், பூங்கா, பெரிய சாலைகளின் இரண்டு பக்கமும் வரிசையாக மரம். நடைபாதை இருக்கிறது, அதில் நடக்கவும் முடிகிறது. செக்டர் 17-ல் வண்டியே நுழையாத பெரிய சதுக்கம், சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்தால் உங்கள் சித்திரை வீதிக்கு ஒன்றும் குறைச்சலில்லை அக்கா, இட்லிதான் கிடையாது.

ஆனால் அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது திட்டத்தில் இல்லாத ஒன்று. நேக் சந்த் என்று சாலைத் துறையில் ஒரு இன்ஸ்பெக்டர். ஊரைக் கட்டுவதற்காக இடித்த கிராமங்களின் குப்பை, உடைந்த வளையல், பீங்கான், மின்சார சாக்கெட், இதையெல்லாம் சைக்கிளில் அள்ளிக்கொண்டு போய், கட்டடமே கட்டக்கூடாது என்று ஒதுக்கிவைத்த காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் வருஷக்கணக்காகச் சிலைகள் செய்துகொண்டிருந்தார். பிறகுதான் அதிகாரிகள் கண்ணில் பட்டது. சட்டப்படி இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை, 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்து, அவருக்குச் சம்பளம் கொடுத்து அதே வேலையைச் செய்யச் சொன்னார்கள். அதுதான் ராக் கார்டன். வளையல் துண்டுகளால் சேலை கட்டியது போல வரிசையாக நிற்கும் அந்தப் பெண் பொம்மைகளை அருகில் போய்ப் பார்த்தால் பச்சை, சிவப்பு, கறுப்பு என்று ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருத்தி கையில் உடைந்தது என்பது புரியும்.

குளிர்காலத்தில் பனிமூட்டம், ரயில் எல்லாம் மணிக்கணக்கில் தாமதம். அது ஒன்றுதான் குறை.

கோவை குளிர்:

எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி யாருமே எழுதவில்லையே. சிறுவாணி என்று ஒரு வார்த்தை போதும், நான் கிளம்புகிறேன்.

தண்ணீர்மலை:

சிறுவாணிக்காரருக்கு வணக்கம், எங்கள் ஊரில் மலைக்கே தண்ணீர் என்று பெயர். மலேசியாவின் பினாங்கு, ஜார்ஜ் டவுன். நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், அதாவது கடலுக்கு இந்தப் பக்கம். பார்த்துக்கொண்டே இருக்கிற ஊர்தான், இருந்தும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஃபெரி ஏறிவிடுவேன், வீட்டில் திட்டு விழும்.

அஞ்சடியில் நடப்பது எனக்குப் பெரிய பொழுதுபோக்கு. பழைய கடைவீடுகளின் முன்னால் கூரை போட்ட நடை வழி, தெரு முழுக்க ஒன்றோடொன்று சேர்ந்து போகும். மழை கொட்டினாலும் நனையாமல் கால்வாசி ஊரைச் சுற்றலாம், சில இடங்களில் கடைக்காரர்கள் சாமானை அடுக்கி அடைத்து வைத்திருப்பார்கள், அங்கே மட்டும் ரோட்டில் இறங்கி ஏற வேண்டும். மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் நடந்தால் பூக்கட்டுகிறவர்கள், மசாலா அரைக்கிற வாசம், கேசட் காலத்திலிருந்து மாறாத சத்தத்தில் பாட்டு. குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் 1833-லிருந்து இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. அதே சாலையில் சீனர்களின் குவான் யின் கோயில், ஒரு முனையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு வாடகை ஏறிப் பல பழைய குடித்தனங்கள் கிளம்பிவிட்டன, அந்த இடங்களில் கஃபே வந்துவிட்டது. இது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கஃபே காபி நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தைப்பூசத்துக்கு ஒருமுறை வாருங்கள். தேர் வரும் வழியில் தேங்காய்களைக் குவித்து வைத்திருப்பார்கள், குவியல் என்றால் இடுப்பளவு. உடைப்பவர்களில் பெரும் பங்கு சீனர்கள். ஊதுவத்தியோடு வேண்டிக்கொண்டு, வேகம் பிடித்து ஒவ்வொன்றாக ரோட்டில் அடிப்பார்கள், தேங்காய்த் தண்ணீரும் ஓட்டுச் சில்லும் கணுக்கால் வரை தெறிக்கும். பின்னாலேயே நகராட்சி வண்டி வந்து அள்ளிக்கொண்டே போகும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வெள்ளித் தேர் 1894-லிருந்து ஓடுகிறது. இப்போது தங்கத் தேரும் உண்டு, எது முந்தி எது பிந்தி என்ற பேச்சில் நான் தலையிடுவதில்லை.

சாப்பாடு நாசி கண்டார். தட்டில் சோறு, மீன் முட்டையோ கோழியோ ஒன்று, அப்புறம் “பஞ்சிர்” என்று சொல்ல வேண்டும், வெள்ளம் என்று அர்த்தம், இருக்கிற குழம்பையெல்லாம் கலந்து மேலே ஊற்றுவார்கள். தனித்தனியாக ஊற்றச் சொன்னால் கடைக்காரர் பாவமாகப் பார்ப்பார்.

ஹவுரா மெயில் அண்ணே, கொல்கத்தாவுக்கு இந்த வருஷம் போகலாம் என்று இருக்கிறோம், எந்த மாதம் நல்லது? அம்மா சைவம், அவருக்கு அங்கே சாப்பாடு கிடைக்குமா?

ஹவுரா மெயில்:

டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி கடைசி வரை. குளிர் மிதம்தான், ஆனால் ஊர்க்காரர்கள் குரங்குக்குல்லா போட்டுக்கொண்டு திரிவார்கள், பயந்துவிடாதீர்கள். அந்தச் சமயத்தில்தான் புது ஈச்ச வெல்லம் வரும், சந்தேஷ், ரசகுல்லா எல்லாம் அதில் செய்து பழுப்பு நிறத்தில் வைத்திருப்பார்கள். வெள்ளை ரசகுல்லாவை விட்டுவிட்டு அதைக் கேளுங்கள். ஜனவரி கடைசியில் போனால் புத்தகக் கண்காட்சியும் சேர்ந்து கிடைக்கலாம், தேதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். துர்கா பூஜை சமயத்தில் பார்க்க வேண்டும் என்றால் அது வேறு கணக்கு. ராத்திரி முழுக்க நடக்க வேண்டியிருக்கும், அம்மாவால் முடியாது, ஹோட்டலும் விலை எகிறும். அதற்குப் பதில் பூஜைக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால் போனால் சிலை செய்கிறவர்களின் பேட்டையான குமார்துலியில் வைக்கோல் உடம்புக்குக் களிமண் பூசுவதை நிதானமாகப் பார்க்கலாம், மழை இருக்கும், குடை வேண்டும்.

அம்மாவுக்குக் கவலையே வேண்டாம். காலையில் எந்தத் தெருமுனையிலும் கொச்சூரியும் (உள்ளே பூரணம் வைத்த பூரி) உருளைக்கிழங்குக் குழம்பும் கிடைக்கும், மத்தியானம் தேங்காய்ப் பல் போட்ட கடலைப்பருப்போடு லூச்சி, அதாவது மைதா பூரி. ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: சில கடைகளில் கேட்காமலேயே பருப்பில் மீன் தலை போட்டுவிடுவார்கள். அது அங்கே விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை.