மணிக்கூண்டுக் கல்லில் 277 பேர்: பெயர்ப் பலகை வேண்டுமா, வேண்டாமா?

பாலாற்றங்கரை:
வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914–18 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் துறந்தார்கள் என்கிறது. ஒரு பெயர்கூட இல்லை. ஈராக்கிலுள்ள பாஸ்ரா போர் நினைவிடத்திலும் அதே கதைதான்: இந்தியச் சிப்பாய்களுக்குச் சுவரில் எண்ணிக்கை மட்டும். அந்த 14 பெயர்களைத் தேடியெடுத்துப் பலகை வைப்பது ஊரின் கடமை.

மனுஎழுதி:
ஒப்புக்கொள்ள மாட்டேன். பலகைக்குத் திரட்டும் பணமும் ஆட்களும் உயிரோடிருக்கும் ராணுவக் குடும்பங்களுக்குப் போகட்டும். ஓய்வூதியம் வாங்கிய வீரர் இறந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் தானாக வந்துவிடாது. வீரரின் டிஸ்சார்ஜ் (பணிவிடுப்பு) புத்தகத்தில் மனைவி பெயர் 'லட்சுமி', ஆதாரில் 'லெட்சுமி அம்மாள்' என்றிருந்தாலே மனு நின்றுவிடும். இரண்டும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுதி, பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) நகல், இறப்புச் சான்றோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நவம்பரில் வாழ்நாள் சான்று வேறு. வயல் வேலை செய்த விரல்களில் ரேகை தேய்ந்து இயந்திரம் ஏற்காது. செல்போனில் முகம் காட்டிப் பதியலாம் என்பதே பலருக்குத் தெரியாது. சான்று பதியாவிட்டால் பணம் நின்றுபோகும். உதவிக்கு ஆள் வேண்டிய இடம் இதுதான்.

பாலாற்றங்கரை:
அந்த வேலை அவசியம், மறுக்கவில்லை. ஆனால் பெயர் தேடப் பைசா செலவில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் 'கூடுதல் தகவல்' கட்டத்தில் ஊரையும், வேலூர் அன்று இருந்த மாவட்டமான 'வட ஆற்காடு' என்பதையும் ஆங்கிலத்தில் போடுங்கள். பல பதிவுகளில் தகப்பன் பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் இருக்கும். எழுத்துக்கூட்டல் அன்றைய எழுத்தர் காதில் விழுந்தபடி இருக்கும். முனுசாமியையே நாலைந்து விதமாகத் தேட வேண்டும்.

சுண்ணாம்புக்கை:
பெயர் எழுதுமுன் இருக்கிற கற்களைக் கெடுக்காதீர்கள். இத்தகைய கல் எந்த ஊரில் இருந்தாலும் விழாவுக்கு முந்தின நாள் ஆசிட் ஊற்றித் தேய்க்கிறார்கள். சலவைக்கல் சுண்ணாம்பு வகை. ஆசிட் பட்டதும் நுரைத்துக் கரையும், எழுத்தின் ஓரம் மழுங்கும். கம்பி பிரஷ்ஷும் கூடாது. முதலில் கல் முழுக்கப் பச்சைத் தண்ணீரில் நனையுங்கள். மெத்தென்ற நைலான் பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் காய்ந்த கல்லில் வழிந்து கோடு விழும். ஓரத்தில் சிமென்ட் பூசாதீர்கள். அது கல்லைவிட இறுகி விளிம்பைப் பெயர்க்கும். 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் போதும். புதுப் பலகை வைத்தால் தனிக்கால் நட்டு வையுங்கள், பழைய சுவரில் துளை போடாதீர்கள்.

மனுஎழுதி:
சரி, ஒரு கேள்வி. ஆணையத்தின் பட்டியலில் இறந்தவர்கள் மட்டும்தான். திரும்பி வந்த 263 பேர்? பலகையில் அவர்களுக்கு இடமே இல்லையா? 'வட ஆற்காடு' என்று மட்டும் இருக்கும் ஒருவரை வேலூர்க்காரர் என்று எழுதினால், இன்னோர் ஊரின் பிள்ளையை எடுத்துக்கொண்டதாகும்.

பாலாற்றங்கரை:
ஊர் உறுதியாகாத பெயரை எழுதக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். திரும்பியவர்களுக்குப் பதக்கம்தான் சாட்சி. அந்தப் போரின் வெள்ளிப் பதக்க விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். எந்த வீட்டுப் பெட்டியிலாவது கிடைத்தால் புளி போட்டுத் துலக்காதீர்கள், விளிம்பெழுத்து தேய்ந்துவிடும். சாய்வான வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துப் போடுங்கள்.